ஓடினா ரத்தத்துல இருக்கற சத்தெல்லாம் போயிடுமா? கோயம்புத்தூர் வாசகிக்கு பதில்

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வயசு 43, பேங்க்ல வேலை. ஒம்போது மாசமா வாரத்துல அஞ்சு நாள் ரேஸ்கோர்ஸ்ல ஓடுறாங்க, ஆரம்பத்துல ஒரு ரவுண்டு நடந்தாலே மூச்சு வாங்கினவங்க இப்ப மூணு ரவுண்டு நிக்காம ஓடுறாங்களாம். அவங்க எழுதினத சுருக்கி போடுறேன்:

"டாக்டர், எடை ஒம்போது கிலோ குறைஞ்சிருக்கு, சுகர் பார்டர்ல இருந்தது நார்மலுக்கு வந்துடுச்சு. ஆனா ரெண்டு மாசமா ஒரே அசதி. முன்னாடி ஈஸியா ஓடின தூரம் இப்ப இழுக்குது. ராத்திரி படுத்தா கெண்டைக்கால் பிடிக்குது, அது போக கால ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல ஒரு குறுகுறுப்பு, எந்திரிச்சு நடந்தாதான் அடங்குது. போன வாரம் ஓடி முடிச்ச கையோட அப்படியே லேப்ல போய் ரத்தம் குடுத்தேன். ரெண்டு தடவ குத்திதான் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 11.6, ஃபெரிட்டின் 13, சோடியம் 136, பொட்டாசியம் 5.4, கால்சியம் 9.1, மெக்னீசியம் 1.9, கிரியாட்டினின் 0.8. கூட ஓடுறவங்க, வேர்வையில மினரல் எல்லாம் போயிடும், மெக்னீசியம் மாத்திரையும் உப்பு கேப்ஸ்யூலும் போடு, தண்ணி நிறைய குடிங்கிறாங்க. இப்பவே ஓடும்போது ஒரு லிட்டர், வீட்டுக்கு வந்து ஒரு லிட்டர், அப்புறம் ரெண்டு இளநி குடிக்கறேன். மாமியார், ஓடி ஓடி ரத்தத்த சுண்ட வெச்சுட்ட, மூஞ்சி வெளுத்துப் போச்சு, நிறுத்துன்னு திட்டுறாங்க. வீட்டுக்காரருக்கு 49, பிபிக்கு டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை போடுறார், அவரும் என்கூட நடக்க வர்றார், அவருக்கும் இந்த பிரச்சனை வருமா?" ரிப்போர்ட்ட போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்காங்க.

வணக்கம் சகோதரி. முதல் விஷயம், ஓட்டத்த ஒரேயடியா நிறுத்த வேண்டியதில்ல. பார்டர்ல இருந்த சுகர நார்மலுக்கு கொண்டு வந்திருக்கீங்க, அது சாதாரண விஷயம் இல்ல, அத விட்டுடாதீங்க. ஆனா உங்க ரிப்போர்ட்ல ஒரு நம்பர் நிஜமாவே கவனிக்க வேண்டியது, ஒரு நம்பர் பயமுறுத்துது ஆனா அனேகமா பொய், மத்தது எல்லாம் நல்லா இருக்கு. எது எதுன்னு பிரிச்சு தெரிஞ்சுக்கிட்டா, யார் பேச்ச கேக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

பயமுறுத்தற நம்பர் பொட்டாசியம் 5.4. நார்மல் 3.5ல இருந்து 5. இத கூகுள்ல போட்டா இதயம் நின்னுடும்னு வரும், நீங்களும் தேடிப் பாத்திருப்பீங்க, நீங்க எழுதின விதத்துலயே தெரியுது. ஆனா நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், கடைசி வரியில பொடி எழுத்துல 'சாம்பிள் லேசா ஹீமோலைஸ் ஆகியிருக்கு'ன்னு போட்டிருக்காங்க. அந்த ஒரு வரிய யாரும் உங்களுக்கு படிச்சுக் காட்டல. அதுக்கு அர்த்தம் என்னன்னா, ரத்தம் எடுக்கறப்பவோ டியூப்ல போடறப்பவோ சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைஞ்சு போச்சு. நம்ம ஒடம்புல இருக்கற பொட்டாசியத்துல 98 சதவீதம் செல்லுக்குள்ளதான் இருக்கு, வெளிய ரத்த நீர்ல இருக்கறது வெறும் ரெண்டு சதவீதம். அப்படி இருக்கும்போது கொஞ்சம் செல் உடைஞ்சாலே உள்ள இருந்தது வெளிய கொட்டி நம்பர் ஏறிடும். நரம்பு கிடைக்காம ரெண்டு தடவ குத்தினா, சின்ன ஊசியில வேகமா இழுத்தா, இதெல்லாம் நடக்கும். இன்னொண்ணு, கையில ரப்பர் கட்டிட்டு 'நல்லா மூடித் திறங்க, மூடித் திறங்க'ன்னு சொல்வாங்க இல்லையா, நரம்பு எடுப்பா தெரியறதுக்கு, அப்படி செய்யும்போது முன்னங்கை தசை பொட்டாசியத்த வெளிய விடும், அந்த எடத்து ரத்தத்துல மட்டும் ஒரு பாயிண்ட் வரைக்கும் கூட ஏறிக் காட்டும். ஒடம்பு முழுக்க ஒண்ணும் ஏறியிருக்காது.

ஓடினதுக்கும் இதுல கொஞ்சம் பங்கு இருக்கலாம். தசை ஒவ்வொரு தடவ சுருங்கும்போதும் சோடியம் உள்ள போகும், பொட்டாசியம் வெளிய வரும், அப்புறம் செல் சுவத்துல இருக்கற ஒரு பம்ப் அத திருப்பி உள்ள இழுத்து வெச்சுக்கும். மெதுவா ஓடினா ரெண்டும் சரிக்கு சரியா நடக்கும். உயிரக் குடுத்து ஓடினா பம்ப் பின்தங்கிடும், ரத்தத்துல பொட்டாசியம் 6க்கு மேல கூட போகும், ஓட்டம் நின்னதும் சில நிமிஷத்துலயே சர்ருன்னு இறங்கி கொஞ்ச நேரம் வழக்கத்த விட கீழ கூட போயிட்டு வரும். தொடர்ந்து பயிற்சி பண்றவங்களுக்கு தசையில அந்த பம்ப்போட எண்ணிக்கையே கூடும், அதனால அதே தூரம் அதே வேகத்துல ஓடினா முன்ன மாதிரி ஏறாது. ஏரோபிக் பயிற்சி மினரல் விஷயத்துல செய்யற நல்ல காரியங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஆனா எந்த ரிப்போர்ட்லயும் இது வராது.

ஆனா ஹீமோலைஸ் ஆயிடுச்சுன்னு சொல்லி இத அப்படியே விட்டுடாதீங்க. ஒரு வாரத்துக்குள்ள பொட்டாசியத்த மறுபடி பாத்துடுங்க, அது வர்ற வரைக்கும் இளநிய நிறுத்தி வைங்க. கிட்னி நல்லா வேலை செய்யற உங்களுக்கு இளநி ஆபத்து இல்ல, கிரியாட்டினின் 0.8 நல்லாவே இருக்கு, ஆனாலும் ரெண்டு இளநியில சேர்ந்து ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம் இருக்கும், டெஸ்ட் குழப்பம் இல்லாம தெளிவா வரட்டும்.

இப்ப உண்மையான பிரச்சனைக்கு வர்றேன். ஃபெரிட்டின் 13.

ஃபெரிட்டின்ங்கிறது ஒடம்பு இரும்புச்சத்த சேத்து வெச்சிருக்கற குதிர் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு காட்டற அளவு. 15க்கு கீழ போனா குதிர் காலின்னே உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஓடுறவங்க விஷயத்துல நாங்க நிறைய பேர் 30க்கு கீழ வந்தாலே கவனிக்க ஆரம்பிச்சுடுவோம். ஹீமோகுளோபினும் பெண்களுக்கு 12 இருக்கணும், உங்களுக்கு 11.6. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. தொடர்ந்து ஓடுறவங்களுக்கு ரத்தத்துல இருக்கற நீர்ப்பகுதி 10ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் கூடும், ஒடம்பு வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் தயாராகறதுக்காக அப்படி செஞ்சுக்குது. சாம்பார்ல தண்ணி ஊத்தின மாதிரி, பருப்பு அதே அளவுதான் இருக்கும், ஆனா ஒரு கரண்டியில வர்றது குறையும். அதனால ஹீமோகுளோபின் குறைஞ்சு தெரியும், அத நோய்ன்னு சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு யாராவது சமாதானம் சொன்னா நம்பாதீங்க. ஏன்னா நீங்க ரத்தம் குடுத்தது ஓடி முடிச்ச கையோட. அந்த நேரத்துல வேர்வையில நீர் போயி ரத்தம் தற்காலிகமா கெட்டிப்பட்டு, ஹீமோகுளோபின் நிஜத்த விட கொஞ்சம் கூடத்தான் காட்டும். அப்பவே 11.6னா, ஓய்வுல எடுத்தா இன்னும் கீழ இருக்கலாம். ஃபெரிட்டினும் கடுமையா ஓடின பிறகு, காய்ச்சல் வந்தா, ஒடம்புல எங்கயாவது வீக்கம் இருந்தா ஏறிக் காட்டற சாமான். அது 13 காட்டுதுன்னா இரும்புச்சத்து உண்மையிலேயே தீர்ந்து போச்சு.

உங்க மாமியார் மூஞ்சி வெளுத்துப் போச்சுன்னு சொன்னாங்க பாருங்க, ரத்தம் சுண்டுதுன்னு சொன்ன காரணம்தான் தப்பு, கண்ணு தப்பு பண்ணல. வீட்ல தினமும் பாக்கறவங்களுக்குத்தான் இது முதல்ல தெரியும், எங்க கிளினிக்ல பாதிப் பேர் 'அம்மா சொல்லித்தான் வந்தேன்'னுதான் வருவாங்க.

இது எங்க போச்சு? ஒரே ஓட்டையில போகல. பாதம் தரையில அடிக்கற ஒவ்வொரு அடியிலயும் உள்ளங்கால் ரத்தக் குழாய்ல இருக்கற சிவப்பணுக்கள் கொஞ்சம் நசுங்கி உடையும். 1881லயே ஜெர்மனியில ஃபிளைஷர்னு ஒரு டாக்டர், நீண்ட தூரம் மார்ச் பண்ணின ஒரு சிப்பாய்க்கு சிறுநீர் செக்கச்செவேல்னு போறத பாத்து இத பதிவு பண்ணியிருக்கார். அந்த அளவுக்கு எல்லாருக்கும் போகாது, ரேஸ்கோர்ஸ்ல ஏழெட்டு கிலோமீட்டர் ஓடற உங்களுக்கு ரொம்ப சொற்பம்தான் உடையும், அதுலயும் பெரும்பகுதிய ஒடம்பு பொறுக்கி எடுத்து திரும்ப உபயோகிச்சுடும். வேர்வையில கொஞ்சம் இரும்பு போகும். ரொம்ப தூரம் ஓடுறவங்களுக்கு குடல்ல இருந்து கண்ணுக்கு தெரியாத அளவு ரத்தம் கசியறதும் உண்டு.

ஆனா என்னைக் கேட்டா வெளிய போறத விட உள்ள வராம தடுக்கறதுதான் பெரிய விஷயம். நம்ம கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது. குடல்ல இருந்து இரும்பு ரத்தத்துக்குள்ள வர்ற கதவ சாத்தற வேலை அதுக்கு. நல்லா ஓடினதும் தசையில இருந்து கிளம்பற சில சிக்னலால, மூணுல இருந்து ஆறு மணி நேரம் கழிச்சு இந்த ஹெப்சிடின் ஏறும். நீங்க காலையில ஆறேகால் வாக்குல முடிக்கறீங்கன்னா ஒம்போது மணியில இருந்து மத்தியானம் வரைக்கும் கதவு சாத்தியிருக்குன்னு வெச்சுக்கங்க. அந்த நேரத்துல ஆபீஸ்ல உக்காந்து டிபன் பாக்ஸ்ல கீரை சாப்பிட்டு, கையோட ஒரு டீயும் குடிச்சா, இரும்பு எங்க உள்ள போகும்? டீயில இருக்கற டானின் வேற அத பிடிச்சு வெச்சுக்கும். சைவ சாப்பாட்டுல இருக்கற இரும்புல ஒடம்பு எடுத்துக்கறதே பத்துல ஒரு பங்குக்கு உள்ளதான், அதுலயும் இத்தன முட்டுக்கட்டை.

இது எல்லாத்துக்கும் அடியில மாசாமாசம் போறது ஒண்ணு இருக்கு, அத நீங்க கடிதத்துல எழுதவே இல்ல. 43 வயசுங்கிறது மாதவிடாய் தாறுமாறா ஆகற வயசு. முன்னாடி விட அதிகமா போகுதா, கட்டி கட்டியா போகுதா, ஏழு நாளைக்கு மேல இழுக்குதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்த வேண்டியிருக்கா? இதுல ஒண்ணுக்காவது ஆமான்னா ஒரு மகப்பேறு மருத்துவர பாத்து ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க, கர்ப்பப்பையில ஃபைப்ராய்டு கட்டி இருந்தா ஓட்டத்த நிறுத்தினாலும் ரத்தம் ஏறாது. மலம் கறுப்பா போகுதா, ரொம்ப நாளா வயித்தெரிச்சல், மூலம் இருக்கான்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஓடுறவங்கன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் ஓட்டத்து மேலயே போட்டுட்டு இந்தக் கேள்விகள கேக்காம விடறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! அதுல ஓடுறவங்க எத்தன பேர் இருக்கப் போறாங்க. நம்ம ஊர் பெண்கள் பாதிக் குதிரோடதான் ஓடவே ஆரம்பிக்கறாங்க, ஓட்டம் அந்த மிச்சத்த கொஞ்சம் சீக்கிரம் காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான்.

அந்த ராத்திரி குறுகுறுப்பு, கால ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல, எந்திரிச்சு நடந்தா அடங்குதுன்னு எழுதினீங்களே, அத படிச்சதும் நான் நிமிர்ந்து உக்காந்தேன். அது கொரக்களி இல்ல சகோதரி. அதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு, இரும்புச்சத்து குறைஞ்சா வர்றதுல ரொம்ப முக்கியமானது அது. இந்தத் தொந்தரவு இருக்கறவங்களுக்கு ஃபெரிட்டின் 75க்கு கீழ இருந்தாலே இரும்பு குடுத்துப் பாப்போம், உங்களுக்கு 13. உங்க அசதி, ஓட்டம் இழுக்கறது, ராத்திரி கால் குறுகுறுப்பு, மூணும் ஒரே எடத்துல இருந்து வர்ற மாதிரிதான் எனக்குப் படுது.

அதனால மெக்னீசியம் மாத்திரை வேணாம். உங்க 1.9 நார்மல்தான். நியாயமா பேசணும்னா ரத்தத்துல இருக்கற மெக்னீசியம் ஒடம்போட மொத்த மெக்னீசியத்துல ஒரு சதவீதம் கூட கெடையாது, பாதிக்கு மேல எலும்புலயும் மிச்சம் தசையிலயும் இருக்கு, அதனால ரத்த நம்பர மட்டும் வெச்சு உள்ள நிறைவா இருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது. கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு வேர்வையிலயும் சிறுநீர்லயும் கொஞ்சம் கூடுதலா போறதும் உண்மை. ஆனா கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் குடுத்து நடத்தின ஆய்வுகள எல்லாம் சேத்து 2020ல காக்ரேன்ங்கிற, மருத்துவ ஆய்வுகள சேத்து அலசற அமைப்பு வெளியிட்ட அலசல்ல, வயசானவங்களுக்கு சொல்லிக்கற மாதிரி பலன் இல்லன்னுதான் வந்துச்சு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கொஞ்சம் எள்ளு, கொண்டைக்கடலை சுண்டல், கம்பு, ராகி, கீரை, இதுல ரெண்டு தினமும் தட்டுல இருந்தா உங்களுக்கு வேண்டிய மெக்னீசியம் வந்துடும். கால்சியமும் 9.1, அதுல ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா கால்சியத்துல 99 சதவீதம் எலும்புல இருக்கு, ரத்தத்துல குறைஞ்சா ஒடம்பு எலும்புல இருந்து எடுத்தாவது ரத்தத்த சரி பண்ணி வெச்சுக்கும், அதனால நம்பர் நல்லா இருக்குன்னு சாப்பாட்டுல விட்டுடக்கூடாது. தினம் 1000 மில்லிகிராம் வேணும். 100 கிராம் ராகியில 340க்கு மேல இருக்கு, ரெண்டு டம்ளர் பால் இல்ல தயிர் மோர் சேத்துக்கோங்க. உங்க வயசுல எலும்புக்கு ஓட்டம் நல்லது, கால் தரையில அடிக்கற அடிதான் எலும்ப கெட்டியா வைக்குது. துத்தநாகம் செம்பு எல்லாம் ஓட்டத்தப்போ கொஞ்சம் ஏறி இறங்கும், அதுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்து காச செலவழிக்காதீங்க.

உப்பும் தண்ணியும் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா உங்க நண்பர்கள் சொன்னதுலயே எனக்கு பயமா இருக்கறது இதுதான். வேர்வையில உப்பு போகுது, கறுப்பு டீசர்ட் போட்டு ஓடினா முதுகுல வெள்ளைக் கோடு கோடா காஞ்சு நிக்கும், தொட்டா நறநறன்னு இருக்கும், அத பாத்தா யாருக்குமே ஐயோ இவ்வளவு உப்பு போச்சேன்னுதான் தோணும். ஆனா ஒரு கணக்கு பாருங்க. ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 140 வாக்குல இருக்கு, வேர்வையில 20ல இருந்து 80க்குள்ளதான் இருக்கும். அதாவது வேர்வை ரத்தத்த விட ரொம்ப நீர்த்தது. உப்பு போற விகிதத்த விட தண்ணி போற விகிதம் அதிகம், அதனால வேர்த்து ஒண்ணுமே குடிக்கலேன்னா ரத்தத்துல சோடியம் ஏறத்தான் செய்யும். அப்ப குறையறது எப்படி? குடிக்கற தண்ணியால. தாகம் இல்லாம லிட்டர் லிட்டரா குடிச்சா கிட்னி வெளியேத்தற வேகத்துக்கு மேல தண்ணி சேர்ந்து ரத்தம் நீர்த்துப் போகும், தண்ணி மூளை செல்லுக்குள்ள புகுந்து வீங்க வைக்கும்.

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல நடக்கற காம்ரேட்ஸ் அல்ட்ரா மாரத்தான்ல 1981ல இப்படி ஒருத்தர் விழுந்ததுல இருந்துதான் டாக்டர்கள் கண்ணு இது மேல பட்டுச்சு, டிம் நோக்ஸ்னு அந்த நாட்டுப் பேராசிரியர் 1985ல கட்டுரையா எழுதினார். 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர்கிட்ட ஓடி முடிச்சதும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, 13 சதவீதம் பேருக்கு சோடியம் 135 இல்லேன்னா அதுக்கும் கீழ. ஓடும்போதே எடை கூடினவங்களுக்குத்தான் அதிகமா வந்திருந்தது. கேளுங்க, 42 கிலோமீட்டர் ஓடி எடை ஏறியிருக்காங்க, அவ்வளவு குடிச்சிருக்காங்க. அதே வருஷம் அதே ஓட்டத்துல 28 வயசுப் பெண் ஒருத்தர் இதனாலேயே இறந்தும் போனாங்க. தண்ணி குறைஞ்சு சாகறத மட்டும்தான் நமக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க, தண்ணி கூடி சாகறத யாரும் சொல்லல.

எனக்கே ஒரு அனுபவம் உண்டு. ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மாவ முதல் ஹாஃப் மாரத்தான் முடிச்ச மத்தியானம் கூட்டிட்டு வந்தாங்க, தலைவலி, வாந்தி, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில். கூட வந்தவங்க 'தண்ணி பத்தல டாக்டர், டிரிப்ஸ் போடுங்க'ன்னாங்க. பாத்தா மோதிரம் விரல்ல புதைஞ்சு நிக்குது, வாட்ச் பட்டை மணிக்கட்டுல அழுந்தி தடம் பதிஞ்சிருக்கு. வத்திப் போன ஒடம்புல மோதிரம் லூசாத்தானே இருக்கணும்? சோடியம் பாத்தா 122. ஒவ்வொரு ஸ்டால்லயும் நின்னு ரெண்டு ரெண்டு டம்ளர் குடிச்சிருக்காங்க, யாரோ சொன்னாங்கன்னு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி பொழச்சுக்கிட்டாங்க. உங்க 136 நார்மல்தான், ஆனா ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ரெண்டு லிட்டரும் ரெண்டு இளநியும்னு படிச்சதும் அந்த மோதிரந்தான் ஞாபகம் வந்துச்சு.

இந்த வாரம் ஒரு நாள் ஓடறதுக்கு முன்னாடியும் முடிச்ச பிறகும் வேர்வைத் துணிய கழட்டிட்டு எடை பாருங்க. அரைக் கிலோ முக்கால் கிலோ குறைஞ்சிருந்தா ரொம்ப சரி, அது அன்னைக்கு சாப்பாட்டுலயும் தண்ணியிலயும் தானா ஈடாயிடும். குறையவே இல்ல, இல்ல ஏறியிருக்குன்னா அதிகமா குடிக்கறீங்க. தாகம் எடுத்தா குடிங்க, எடுக்கலேன்னா விடுங்க. உப்பு கேப்ஸ்யூல் உங்களுக்குத் தேவையே இல்ல. ஒரு லிட்டர் வேர்வையில சராசரியா ரெண்டரை கிராம் உப்பு போகும், ரெண்டு இட்லி, சாம்பார், சட்னி, மத்தியானம் ரசம், ஒரு துண்டு ஊறுகா, அதுலயே அது திரும்பி வந்துடும். நம்ம ஆளுங்க வழக்கமா சாப்பிடற உப்பே உலக சுகாதார நிறுவனம் சொல்ற 5 கிராம தாண்டித்தான் இருக்கு. இன்னொண்ணு, ரெண்டு வாரம் தொடர்ந்து வேர்க்க வேர்க்க பயிற்சி பண்ணினா வேர்வைச் சுரப்பியே உப்ப பிடிச்சு வெச்சுக்கப் பழகிடும், ஒம்போது மாசம் ஓடின உங்க வேர்வை ஆரம்பத்துல இருந்த அளவு கரிக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெயில்ல ஓடற நாள் வந்தா உப்பு போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ்ஸோ குடிங்க. இளநிய ஓஆர்எஸ்னு நினைச்சுடாதீங்க, அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, வேர்வையில போறது அதுக்கு நேர் எதிர்.

இப்ப இரும்புக்கு என்ன பண்ணணும். உங்க டாக்டர்கிட்ட ரிப்போர்ட்ட காட்டி மாத்திரை எழுதி வாங்கிக்கோங்க, தினம் ரெண்டு போட்டா சீக்கிரம் ஏறும்னு போட்டுத் தள்ளாதீங்க. ஒரு மாத்திரை போட்டதும் அந்த ஹெப்சிடின் 24 மணி நேரம் ஏறி நிக்கும், அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ஒடம்பு எடுத்துக்கற விகிதம் நல்லா இருக்கும், வயித்துப் புரட்டலும் மலச்சிக்கலும் கம்மி. இத டாக்டர்கிட்டயே கேளுங்க, ஒத்துக்குவார். நேரம், ஓடி முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள, கதவு சாத்தறதுக்கு முன்னாடி, ஒரு நெல்லிக்கா இல்ல எலுமிச்சை ஜூஸ் கூட. காபி ஒரு மணி நேரம் கழிச்சுதான், தெரியும் கஷ்டம்னு, ஆனா அது முக்கியம். பாலோ கால்சியம் மாத்திரையோ அதோட வேணாம். இந்த மாத்திரையால மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. முருங்கைக்கீரை, கொள்ளு, பொட்டுக்கடலை எல்லாம் நல்லதுதான், அசைவம் சாப்பிடுவீங்கன்னா ஆட்டு ஈரல் வாரம் ஒரு தடவ, ஆனா 13ல இருக்கற ஃபெரிட்டின சாப்பாட்ட மட்டும் வெச்சு ஏத்தணும்னா ரொம்ப நாள் இழுக்கும். ஒரு மாசத்துல அசதி குறையறது தெரியும், மாத்திரைய அத்தோட நிறுத்திடாதீங்க, குதிர் நிறைய மூணு மாசமாவது ஆகும். அது வரைக்கும் வாரத்துல மூணு நாள் மெதுவா ஓடுங்க, மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓடற வேகம், மிச்ச ரெண்டு நாள் நடங்க.

உங்க வீட்டுக்காரர் விஷயம் வேற மாதிரி. நடக்கறதால அவருக்கு மினரல் ஒண்ணும் போயிடாது, பிபி இருக்கறவங்க தொடர்ந்து நடந்தா மேல் நம்பர் 5ல இருந்து 7 வரைக்கும் இறங்கறது சாதாரணமா பாக்கறதுதான். அவர் ரத்தத்துல உப்புகள ஆட்டி வைக்கறது அந்த மாத்திரை. குளோர்தாலிடோன் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சிறுநீர்ல வெளியேத்தும், டெல்மிசார்டன் பொட்டாசியத்த பிடிச்சு வைக்கும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு சமன் பண்ணிக்கும்னுதான் சேத்துக் குடுக்கறது. அதுக்கு மேல வேர்வையும், உங்களப் பாத்து அவரும் ரெண்டு லிட்டர் தண்ணியும்னா சோடியம் இறங்கிடலாம். உங்ககூட சேர்ந்து தினம் இளநியும், கடையில லோ சோடியம்னு விக்கற உப்பும் சேத்துக்கிட்டா பொட்டாசியம் ஏறலாம், அந்த உப்புல சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம்தான் போட்டிருப்பாங்க. முட்டி வலிக்குதுன்னு நடக்கறதுக்கு முன்னாடி வலி மாத்திரை போடற பழக்கம் இருந்தா உடனே நிறுத்தச் சொல்லுங்க, இந்த பிபி மாத்திரையோட அது சேர்ந்தா கிட்னிக்கு ஆகாது. உக்காந்து எந்திரிக்கும்போது தலை சுத்துதுன்னா பிபி நல்லா இறங்கிடுச்சுன்னு அர்த்தமா இருக்கலாம், மாத்திரைய அவரா நிறுத்தாம டாக்டர்கிட்ட போய் அளவக் குறைக்கலாமான்னு கேக்கணும்.

ரெண்டு பேரும் ஒரே நாள் டெஸ்டுக்குப் போங்க. உங்களுக்கு பொட்டாசியமும் ஹீமோகுளோபின் முழு கவுண்டும், அவருக்கு சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின். முந்தின நாளும் அன்னைக்குக் காலையிலயும் ஓட வேணாம், பத்து நிமிஷம் உக்காந்துட்டு கைய நீட்டுங்க, மூடித் திறக்கச் சொன்னா வேணாம், சும்மாவே பாருங்கன்னு சொல்லுங்க. ஃபெரிட்டின மூணு மாசம் கழிச்சு பாத்தா போதும். பொட்டாசியம் உங்களுக்கோ அவருக்கோ 5.5 தாண்டி வந்தா எனக்கு எழுதிட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே பக்கத்துல இருக்கற டாக்டர்கிட்ட போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க.